சீட்டில் எழுதும் பெயரும் மாத்திரையின் விலையும்

மளிகை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்ற வரிசையில் மருந்துக்கென்று தனியாக ஒரு தொகையை மாதாமாதம் எடுத்து வைக்கும் குடும்பங்கள் கொங்கு வட்டாரத்தில் இன்று ஏராளம். தாராபுரத்திலிருந்தும், குண்டடம், மூலனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பனியன் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போகும் வீடுகளில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அரிசி பருப்பு போலவே தீரத் தீர வாங்க வேண்டிய பொருளாகிவிட்டன. சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வரும் ஊர் இது என்பதால் மாத்திரையும் பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் வாங்கப்படுகிறது: ஒரு அட்டை, சில சமயம் அரை அட்டை. கையில் பணம் இழுபறியாகும் வாரத்தில் மருந்துச் செலவைக் குறைக்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, இரண்டு வேளையை ஒரு வேளையாக்குவது, "இப்பப் பரவாயில்லீங்க" என்று ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பது. இருக்கிற வழிகளிலேயே மிக அதிக விலை கொடுக்க வைக்கும் வழி இதுதான். கட்டுப்பாடு தவறிய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் மூளையின் ரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றன. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்திய குடும்பம் பிறகு டயாலிசிஸுக்கும் பக்கவாதத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்க நேர்கிறது. சம்பாதிக்கிற கை ஒன்றும் குறைந்துபோகிறது.

இந்தச் சுமை எத்தனை பேருடையது என்பதற்கு 2023 ஜூனில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வே சாட்சி. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100 பேருக்கு 14 பேர். இவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள். அறுவை சிகிச்சை, உள்நோயாளியாகச் சேர்வது போன்ற பெருஞ்செலவுகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால், மருந்துக் கடையில் மாதாமாதம் கொடுக்கும் பணத்தை அந்தத் திட்டம் திருப்பித் தருவதில்லை. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுப்பது 2013-14இல் 64 சதவீதமாக இருந்து 2021-22இல் 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்த பிறகும் அது 100 ரூபாய்க்கு 39 ரூபாய். அதில் பெரும்பகுதி மருந்துக்கே போகிறது. மாத்திரையின் அளவைக் குறைக்காமல் அதன் விலையை மட்டும் குறைக்க முடியுமா என்றால், முடியும். அதற்கான மருந்தும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கும் நோயாளிக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் மருத்துவர் எழுதித்தரும் சீட்டில் உள்ள ஒரு பெயர்.

ஒரே மருந்து, பல விலை

ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு பெயர்கள். உடலுக்குள் போய் வேலை செய்யும் வேதிப்பொருளின் பெயர் ஒன்று. மெட்பார்மின், அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் என்பவை அப்படிப்பட்ட மூலப்பெயர்கள், அதாவது ஜெனரிக் பெயர்கள். தயாரிக்கும் அல்லது விற்கும் நிறுவனம் சூட்டிய பிராண்டு பெயர் இன்னொன்று. மெட்பார்மினை விற்கும் பிராண்டுகள் இந்தியாவில் நூற்றுக்கணக்கில் உள்ளன. உள்ளே இருப்பது ஒரே 500 மில்லிகிராம் மெட்பார்மின்தான் என்றாலும் விலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. மூலப்பெயர் மருந்துகளை விற்கும் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது தமிழக அரசு தந்த ஒப்பீட்டில், தனியார் கடையில் 70 ரூபாய் ஆகும் 30 மெட்பார்மின் மாத்திரைகள் முதல்வர் மருந்தகத்தில் 11 ரூபாய். இந்த வித்தியாசம் மாத்திரையின் குணத்தில் இல்லை. மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் சம்பளம், விளம்பரம், மருத்துவர்களைச் சந்திக்கும் செலவு, இடைத்தரகர்களின் லாபம் எல்லாம் பெட்டியின் மீது அச்சிடப்படும் அதிகபட்சச் சில்லறை விலைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

மருந்துக்கு அரசு விலை நிர்ணயிக்கிறதே என்று கேட்கலாம். நிர்ணயிக்கிறது, எந்த முறையில் என்பதைப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளவற்றுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட அந்தப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. உச்சவிலையைக் கணக்கிடும் முறை எளிது: சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதோடு சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்க வேண்டும். ஒரு மாத்திரையை மூன்று நிறுவனங்கள் 2 ரூபாய், 4 ரூபாய், 6 ரூபாய் என விற்றால் சராசரி 4. உச்சவிலை 4 ரூபாய் 64 காசு. 6 ரூபாய்க்கு விற்றவர் இறங்கி வர வேண்டும். அந்த அளவுக்கு நோயாளிக்கு நன்மைதான். ஆனால் அதைத் தயாரிக்க எவ்வளவு ஆகிறது என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கோ உச்சவிலையே கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மட்டுமே விதி. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் பலவும் இப்படி வெளியே நிற்பவை. சர்க்கரை நோயாளிகளின் சீட்டில் இன்று அதிகம் காணப்படுவதும் இந்தக் கூட்டு மாத்திரைகளே.

அச்சிட்ட விலையை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு 2011இல் இந்திய மருந்தியல் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. ஒரே நிறுவனம் ஒரே மருந்தை இரண்டு வழிகளில் விற்பதுண்டு. மருத்துவர்களிடம் அறிமுகப்படுத்தி விற்பது ஒரு வழி. விளம்பரம் இல்லாமல் நேரே கடைக்காரர்களிடம் தள்ளிவிடுவது மற்றொன்று. அப்படிப்பட்ட ஐந்து மருந்துகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தரத்தில் இரண்டு வகையுமே விதிப்படி தேறின. விளம்பரப்படுத்தப்பட்ட வகையில் சில்லறைக் கடையின் லாபம் 25 முதல் 30 சதவீதம். கடைக்கு நேரே வந்த வகையில் 201 முதல் 1016 சதவீதம். அதாவது கடைக்கு 10 ரூபாய்க்கு வந்து சேரும் அட்டையை 30 ரூபாய்க்கோ 111 ரூபாய்க்கோ விற்க முடியும். அந்த விலையும் முறையாக அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே சாதாரணக் கடையில் போய் "ஜெனரிக் குடுங்க" என்று கேட்பதால் மட்டும் செலவு குறைந்துவிடாது. குறைந்த விலைக்கு வாங்கிய லாபம் நோயாளிக்கு வருகிறதா, நடுவிலேயே நின்றுவிடுகிறதா என்பதுதான் விஷயம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சட்டம் அவர் கையைக் கட்டி வைத்திருக்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதிப்படி, சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைத் தம் விருப்பத்துக்கு மருந்தாளுநர் கொடுக்கக் கூடாது. பிராண்டு பெயர் எழுதியிருந்தால் அந்தப் பிராண்டையே கொடுக்க வேண்டும். எனவே மருந்தின் விலை கடை வாசலில் நாம் நிற்கும்போது தீர்மானமாவதில்லை. மருத்துவர் எதிரே நாம் உட்கார்ந்திருக்கும் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் இத்தனை செலவு செய்து மருத்துவர்களைச் சுற்றி வருவதற்குக் காரணமும் அதுதான். மருத்துவர்களுக்குத் தரும் அன்பளிப்புகளைத் தொழில் செலவாகக் காட்டி வரிச் சலுகை கேட்ட ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கில், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை மறுத்தது. அன்பளிப்புகளின் செலவு கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

தமிழ்நாடு காட்டிய வழி

பிராண்டு பெயரைத் தவிர்த்தால் விலை எவ்வளவு இறங்கும் என்பதை நடைமுறையில் நிரூபித்த இடங்களில் ஒன்று நம் மாநிலம். அதற்கும் முன்னோடி பக்கத்து இலங்கை. பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனைப்படி அங்கே 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் அமைந்தது. தேவையான மருந்துகளைச் சுருக்கமான பட்டியலாக்குவது, மூலப்பெயரில் உலகச் சந்தையில் டெண்டர் விடுவது, நாட்டுக்கே சேர்த்து மொத்தமாக வாங்குவது என்பவை அதன் அடிப்படை. 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் இதே சிந்தனையின் வழியில் வந்ததுதான்.

தமிழ்நாட்டில் 1994இல் பதிவாகி 1995 தொடக்கத்தில் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்தச் சிந்தனையை இன்னும் இறுக்கமான நிர்வாகமாக்கியது. இரண்டு உறைகளில் டெண்டர் வாங்கப்படும். முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி. அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரிகள் எடுக்கப்பட்டு, தயாரித்தவர் யார் என்பது தெரியாத வகையில் ஆய்வகத்துக்குப் போகும். சோதனையில் தேறாத தொகுதி மருத்துவமனைக்குப் போகாது. தரம் தவறும் நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் வழி உண்டு. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக். தங்களுக்கு ஒதுக்கிய தொகைக்குள் தங்கள் ஊரில் அதிகம் தேவைப்படும் மருந்தை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். தாராபுரம் அரசு மருத்துவமனையில் கையில் வாங்கும் மாத்திரை அட்டையில் 'தமிழ்நாடு அரசு - விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருப்பது இந்த ஏற்பாட்டின் முத்திரை. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனாலும் இலவச மருந்துக்கு ஒரு மறைமுக விலை உண்டு. பனியன் தொழிலாளிக்கு அது நன்றாகவே தெரியும். பீஸ் ரேட்டில் தைப்பவர் காலையில் புறநோயாளி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. 50 கிலோமீட்டர் தள்ளித் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்குப் பாதி நாள் என்ற பேச்சே இல்லை, முழு நாள்தான். 500 ரூபாய் மாத்திரைக்காக அதைவிட அதிகமான கூலியை இழப்பதற்குப் பதில் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்வதே அவர் கணக்குக்குச் சரியாக வருகிறது. இந்த இடைவெளியை அடைக்க வந்தவை தொடர்ச்சியான சில திட்டங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2024 தொடக்கத்தில் தொழிலாளர்களைத் தேடி அதே சேவை பணியிடங்களுக்கும் நீட்டப்பட்டது. 2023 முதல் நகரங்களில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 மணி முதல் 8 மணி வரையும் இயங்குகின்றன. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருந்து இலவசம். தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். கான்ட்ராக்டில் பெயர் பதியாமல் வேலை செய்பவர்களுக்கு இந்த வாசல் மூடியிருப்பது இந்தத் தொழிலின் பழைய குறை. இ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்று வேலைக்குச் சேரும்போதே கேட்பது மருந்துச் செலவையும் சேர்த்தே கேட்பதாகும்.

காசு கொடுத்தே வாங்க வேண்டும் என்றாலும் இரண்டு பெரிய வழிகள் உள்ளன. ஒன்று, 2008 நவம்பரில் அமிர்தசரஸில் முதல் கடையோடு தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகம். இப்போது நாடு முழுவதும் 15,000க்கு மேல் கடைகள். மற்றொன்று, 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் மாநிலம் முழுவதும் 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகம். பாதியைக் கூட்டுறவுச் சங்கங்களும் மீதியைப் பார்மசி படித்த தொழில்முனைவோரும் நடத்துகிறார்கள். இரண்டிலும் மருந்து மூலப்பெயரில் இருக்கிறது. இங்கேதான் சீட்டு குறுக்கே வருகிறது. பிராண்டு பெயர் மட்டும் கிறுக்கலாக எழுதிய சீட்டோடு போகிறவர் "இது இங்க இல்லீங்களே" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். அதே மருந்து வேறு பெயரில் அலமாரியில் இருந்துகொண்டிருக்கும்.

மலிவு என்றால் மட்டமா?

விலை குறைந்தால் வீரியமும் குறையும் என்ற பயம் வலுவானது. அதைக் கேலி செய்து ஒதுக்க முடியாது. இந்தியாவில் தரமற்ற மருந்துகள் உண்மையாகவே இருக்கின்றன. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் அப்படிப்பட்ட தொகுதிகளின் பட்டியலை வெளியிடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பிராண்டு மருந்துகளும் வருகின்றன, அரசுக் கொள்முதல் மருந்துகளும் வருகின்றன. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த கோல்ட்ரிப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாராகி ஒரு பிராண்டு பெயரோடு, மருத்துவர் எழுதிய சீட்டோடு விற்றதுதான். அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் கலந்திருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. அந்தக் கொடுமை நமக்குச் சொல்வது இதுதான்: பெயரும் விலையும் தரத்துக்குப் பிணை ஆகாது, சோதனை மட்டுமே பிணை. அந்த அளவுகோலில் பார்த்தால், வாங்கும் தொகுதிகளைச் சோதித்த பிறகே வெளியே விடும் மருத்துவப் பணிகள் கழகமும் மக்கள் மருந்தகமும் தெருக்கடை அலமாரியைவிட ஒரு படி கூடுதல் பாதுகாப்பு உள்ளவை. உடலில் கரைந்து சேரும் வேகம் மாறக்கூடிய மருந்துகளுக்கு, மூல மருந்துக்கு இணையாக ரத்தத்தில் சேர்கிறதா என்ற சோதனையை 2017 முதல் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்கு முன்பே அனுமதி பெற்று இன்றும் விற்பனையில் உள்ளவற்றையும் அந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. மலிவான மருந்தைத் தவிர்ப்பது அந்தக் கோரிக்கைக்குப் பதிலாகாது.

மருத்துவர்கள் சொல்லும் மறுப்பில் இன்னும் கனமான ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் மூலப்பெயரிலேயே எழுத வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று விதி கொண்டுவந்தது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. மூன்று வாரத்துக்குள் விதி நிறுத்திவைக்கப்பட்டது. மூலப்பெயரை மட்டும் எழுதினால் எந்த நிறுவனத்தின் மருந்து என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார், அவர் நோயாளியின் நலனைப் பார்க்காமல் தமக்கு லாபம் அதிகமுள்ளதைத் தருவார் என்பது அவர்கள் வாதம். 201 முதல் 1016 சதவீதம் என்ற மேற்சொன்ன கணக்கைப் பார்த்தவர் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு, பிராண்டையே தொடர வேண்டும் என்பதல்ல. கடையின் லாபத்துக்கும் வரம்பு வேண்டும், மூலப்பெயரும் வேண்டும், சோதனையும் வேண்டும். மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்று இல்லை என்பதற்காக மற்ற இரண்டையும் கைவிடும்போது, அதற்கான செலவை மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருப்பவர் நோயாளி.

மூன்றாவது மறுப்பு ஆராய்ச்சி பற்றியது. விலையை அடித்துக் குறைத்தால் புதிய மருந்து யார் கண்டுபிடிப்பார்கள் என்ற கேள்வி. புதிய மருந்துக்கு 20 ஆண்டுக் காப்புரிமை தருவதே அந்தச் செலவை மீட்பதற்காகத்தான். நம் ஊர் மருந்துக் கடையில் அன்றாடம் விற்கும் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், வாயு மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கும் போவதில்லை, விளம்பரத்துக்கும் இடைத்தரகுக்கும் போகிறது. காப்புரிமை உள்ள மருந்திலும் மக்களின் உயிருக்கு இடம் உண்டு என்பதை இந்தியச் சட்டம் சொல்லியிருக்கிறது. 2012 மார்ச்சில் மாதம் 2,80,000 ரூபாய் ஆன ஒரு புற்றுநோய் மருந்தை ஐதராபாத் நாட்கோ நிறுவனம் சுமார் 8,800 ரூபாய்க்குத் தர அனுமதி பெற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று, பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கேட்ட நோவார்டிஸ் நிறுவனத்தின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அந்தச் சட்டப் போராட்டத்தின் முக்கியமான கட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது.

காப்புரிமை முடிந்தபோது என்ன நடக்கிறது என்பதைச் சர்க்கரை நோயாளிகள் அண்மையில் கண்ணாரக் கண்டார்கள். 2022 ஜூலையில் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்ததும், 50 மில்லிகிராம் மாத்திரை பத்தை மக்கள் மருந்தகம் 60 ரூபாய்க்குத் தந்தது. அப்போது பிராண்டுகளின் விலை 160 முதல் 258 ரூபாய் வரை. 2025 மார்ச்சில் எம்பாகிளிப்ளோசினுக்கும் அப்படியே நடந்தது. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் இருந்த இடத்தில் 10 ரூபாய்க்கும் கீழே பல பிராண்டுகள் வந்து குவிந்தன. ஆனால் பழைய சீட்டில் பழைய பெயர் எழுதியிருந்தவர் பழைய விலையையே தொடர்ந்து கொடுத்தார். சந்தையில் விலை விழுந்த செய்தி சீட்டை எட்டாவிட்டால் நோயாளிக்கு அதனால் ஒரு பைசாகூட மிச்சமில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே நோயாளி கையில் உள்ள முதல் கருவி, மருத்துவர் பேனாவை எடுக்கும்போது கேட்கும் ஒரு கேள்வி. "டாக்டருங்க, இதோட ஜெனரிக் பேரையும் எழுதிக் குடுங்க, முதல்வர் மருந்தகத்துல வாங்கிக்கிறேன்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மூலப்பெயரில் தெளிவாக, பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களின் ஒழுக்க விதியே 2016இலிருந்து சொல்கிறது. கூட்டு மாத்திரையாக இருந்தால், அதைத் தனித்தனி மாத்திரைகளாக எழுத முடியுமா என்றும் கேட்கலாம். எண்ணிக்கை கூடும், செலவு பெரும்பாலும் குறையும். ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்தின் மூலப்பெயரை அறிய அட்டையைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஒற்றை மருந்துகளில் அதைப் பிராண்டு பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. அந்தப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் பிராண்டுகளின் விலையை ஒப்பிடலாம். மக்கள் மருந்தகத்துக்கும் 'ஜன் அவுஷதி சுகம்' என்ற செயலி இருக்கிறது. இந்தக் கடைகளில் சில மருந்துகள் சில வாரம் தீர்ந்துபோகும் என்பது உண்மைக் குறை. கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே போனால், வரவழைத்துத் தர அவர்களுக்கும் அவகாசம் இருக்கும்.

சில எச்சரிக்கைகளையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிந்தைய மருந்து ஆகியவற்றில் அளவு இம்மி மாறினாலும் விளைவு மாறும். இவற்றில் மருத்துவருக்குத் தெரியாமல் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது. மாறினால் ரத்தப் பரிசோதனையோடு மாற வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை இரண்டாக உடைத்துப் போடக் கூடாது, நாள் முழுக்கக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று வாங்கிப் போடுவது மலிவு வைத்தியம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உயிர்காக்கும் மருந்துகள் முப்பதுக்கு மேற்பட்டவற்றுக்கு வரியே இல்லை. பில் கேட்டு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். தரத்தில் சந்தேகம் வந்தால் புகார் கொடுக்கவும் அந்தப் பில்தான் ஆதாரம்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் நோயாளியின் கேள்வியிலேயே ஏற்றிவிடுவது சரியாகாது. மருத்துவரைப் பார்க்கவே தயங்கும் ஒரு தொழிலாளியோ எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியோ கேட்டால்தான் நியாயமான விலை கிடைக்கும் என்பது நியாயமான ஏற்பாடு அல்ல. கேட்காதவருக்கும் அது கிடைக்க வேண்டும். நிறுத்திவைத்த மூலப்பெயர் விதியைக் கடை லாபத்துக்கான வரம்போடு சேர்த்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சோதித்துத் தேறிய மாற்று மருந்தை, நோயாளியின் சம்மதத்தோடு மருந்தாளுநர் தர 65ஆம் விதியில் இடம் தர வேண்டும். பல நாடுகளில் இது வழக்கமான நடைமுறை. பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்கிறார் என்பது சான்றிதழில் மட்டுமில்லாமல் கல்லாவுக்குப் பின்னாலும் உறுதியாக வேண்டும். நாள்பட்ட நோய்க்கு அரசு மருத்துவமனைகள் ஒரே முறையில் ஒரு மாத மாத்திரையைத் தவறாமல் தர வேண்டும். வார இறுதியில் சம்பளம் வாங்கும் இந்தத் திருப்பூர் வட்டாரத்தில், பனியன் கம்பெனிகள் தங்கள் வளாகத்துக்கே மாதம் ஒருமுறை சுகாதாரக் குழுவை அழைத்தால், எந்தத் தொழிலாளியும் ஷிப்டை இழக்காமல் மாத்திரை வாங்கிவிடலாம். கம்பெனிக்கு ஆகும் செலவு ஒரு மேசையும் அரை மணி நேரமும்தான்.

30 ஆண்டுகளுக்கு முன்பே மொத்தக் கொள்முதலில் நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. குறைந்த விலையில் நல்ல மருந்து வாங்க முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. அரசு மருத்துவமனையின் சுவருக்குள் நடந்த அந்தக் காரியம் தனியார் மருத்துவரின் சீட்டிலும் தெருமுனைக் கடையிலும் நடக்க வேண்டும். அது நடக்கும்வரை மூலப்பெயரைக் கேட்டு வாங்குவோம். கேட்கத் தெரியாதவருக்காக நாம் கேட்போம். எந்த வீட்டிலும் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகக் கூடாது என்றால், அதன் விலை அந்த வீட்டின் வாரச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கும் விலையில் அந்த மருந்து இன்றே இருக்கிறது.